வயிற்று வலி என்று அழும் பிள்ளை நடிக்கிறதா?

கேள்வி: நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. வகுப்பில் 36 பிள்ளைகள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இரண்டு மாதமாக, பெரும்பாலும் முதல் பீரியட் முடிவதற்குள், வயிறு வலிக்கிறது என்று அழுகிறாள். அம்மாவுக்குப் போன் செய்தால் வந்து கூட்டிப்போகிறார். வீட்டு வாசலை மிதிப்பதற்குள் வலி போய்விடுகிறதாம். டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்றாராம். லீவு நாட்களில் வலியே கிடையாது. "நடிப்பு, கண்டுக்காதீங்க" என்கிறார்கள் சக ஆசிரியர்கள். அவளைத் தூக்கி வளர்த்த பாட்டி இறந்து மூன்று மாதம் ஆகிறது. "பாட்டி ஊருக்குப் போயிருக்காங்க" என்றுதான் வீட்டில் சொல்லிவைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், தொட்டதற்கெல்லாம் கைநீட்டும் பையன் ஒருவன். இதற்கிடையில் பள்ளியில் 'மனநல வாரம்' நடத்தும் பொறுப்பும் என் தலையில் விழுந்திருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

அவள் நடிக்கவில்லை. வலி நிஜம். இதில் உங்களுக்குத் துளியும் சந்தேகம் இருக்கக் கூடாது, ஏனென்றால் இனி அவளிடம் நீங்கள் பேசும் தொனியே இதைப் பொறுத்துத்தான் அமையும். 'வயிற்றில் புளியைக் கரைக்கிறது' என்று நாம் சும்மா சொல்வதில்லை. குடலின் சுவரில் பல கோடி நரம்புச் செல்கள் உள்ளன. மூளைக்கும் அவற்றுக்கும் இடையே தகவல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆபத்து என்று மூளை எடுத்துக்கொண்ட நொடியில் குடலின் அசைவு மாறுகிறது, வயிற்றுத் தசை இறுகுகிறது, மற்ற நேரத்தில் உறைக்காத அசைவுகூட வலியாக உறைக்கிறது. பெரியவர்களுக்கு 'பயமா இருக்கு' என்று சொல்லத் தெரியும். எட்டு வயதில் அந்தச் சொல் சட்டென்று வாயில் வருவதில்லை, கை தானாகத் தொப்புளுக்குப் போகிறது. லீவு நாளில் வலி இல்லாததை நடிப்புக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று பயப்பட ஒன்றும் இல்லை, அதனால் வலியும் இல்லை.

டாக்டர் பார்த்துவிட்டார் என்றாலும் இரண்டு விஷயங்களை அம்மாவிடம் கேட்டுவிடுங்கள். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது, காய்ச்சல், அடிக்கடி வாந்தி, மலத்தில் ரத்தம், சிறுநீர் போகும்போது எரிச்சல், தொப்புளை விட்டு விலகி ஒரே பக்கத்தில் வரும் வலி, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மறுபடி டாக்டரிடம் போக வேண்டும். இரண்டாவது, அவள் பள்ளிக் கழிப்பறைக்குப் போகிறாளா? தாழ்ப்பாள் விழாத கதவு, எட்டிப் பார்க்கும் பெரிய வகுப்புப் பிள்ளைகள், தண்ணீர் வராத குழாய், இவற்றுக்குப் பயந்து நாள் முழுவதும் அடக்கிக்கொண்டு மலச்சிக்கலை வரவழைத்துக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய. காரணம் அதுதான் என்றால் ஆலோசனையை விட ஒரு புதுத் தாழ்ப்பாள்தான் அவளுக்கு அவசரம். நீங்களே ஒரு முறை உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த வரி "போன் செய்தால் வந்து கூட்டிப்போகிறார்" என்பது. பயம் வருகிறது, வலி வருகிறது, போன் போகிறது, அம்மா வருகிறார், அப்பாடா என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதி அவ்வளவு பெரியது என்பதால், 'பள்ளியை விட்டு வெளியே வந்ததால்தான் தப்பித்தேன்' என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. மறுநாள் வலி இன்னும் சீக்கிரம் வருகிறது. பதற்றம் ஓரளவு ஏறிய பின் தானாகவே இறங்கும் என்பதை அவள் கண்டுபிடிக்கவே இல்லை. இறங்குவதற்கு முன்பே ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போய்விடுகிறாள். இதில் யார் மேலும் குற்றம் இல்லை. எந்த அம்மாவும் ஓடி வரத்தான் செய்வார். ஆனால் இந்தச் சக்கரத்தை நிறுத்தினால் ஒழிய வலி நிற்காது.

பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு, செத்தவர் திரும்பி வரமாட்டார் என்பது புரியும். வீட்டில் அழுகை கேட்டிருக்கும், கூட்டம் வந்து போயிருக்கும், பாட்டியின் கட்டில் காலியாகக் கிடக்கும். அவளுக்குப் பாதி தெரியும். யாரும் பேசுவதில்லை என்பதும் தெரியும். சொல்லிக்கொள்ளாமல் 'ஊருக்கு'ப் போன ஒருவர் மூன்று மாதமாக வரவில்லை என்றால், தான் பள்ளியில் இருக்கும்போது அம்மாவும் அப்படிப் போய்விட்டால்? இது என் ஊகம்தான், ஆனால் சரிபார்க்க வழி இருக்கிறது. வீட்டில் தனியாகப் படுக்க மறுக்கிறாளா, அம்மா குளிக்கப் போனால்கூடக் கதவருகே நிற்கிறாளா, "எப்ப வருவே, எப்ப வருவே" என்று கேட்கிறாளா, கடைசி மணி அடித்ததும் கேட்டுக்கு முதல் ஆளாக ஓடுகிறாளா? இவற்றில் பல இருந்து, நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதைப் பிரிவுப் பதற்றம் என்ற கோணத்தில் பார்க்க வேண்டும்.

உண்மையைச் சொல்ல வேண்டியவர் அம்மா அல்லது அப்பா. நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். பள்ளி நாளின் காலையிலோ தூங்கப் போகும் நேரத்திலோ வேண்டாம். லீவு நாளில், பகலில், பிறகு கூடவே இருக்க நேரம் இருக்கும்போது சொல்லட்டும். சொற்கள் எளிமையாக, நேராக இருக்கட்டும்: "பாட்டி ஊருக்குப் போகலம்மா. பாட்டி இறந்துட்டாங்க. அவங்களுக்கு வந்தது சளி, காய்ச்சல் மாதிரி இல்ல, ரொம்பப் பெரிய நோய். உடம்பு வேலை செய்யறதையே நிறுத்திடுச்சு. இனிமே வர மாட்டாங்க. அப்பவே உங்கிட்ட சொல்லாதது எங்க தப்பு." (பாட்டி எப்படி இறந்தாரோ அதற்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.) 'தூங்கிட்டாங்க' என்றால் பிள்ளை தூங்கப் பயப்படும். 'உடம்பு சரியில்லாம செத்துட்டாங்க' என்று மட்டும் சொன்னால், அம்மாவுக்குத் தலைவலி வந்தாலும் அவளுக்கு நடுக்கம் எடுக்கும். சின்னப் பிள்ளைகள் மனதில் வழக்கமாக மூன்று கேள்விகள் இருக்கும்: நான் ஏதாவது செய்ததாலா? அம்மாவுக்கும் இப்படி ஆகுமா? அப்போ என்னை யார் பார்த்துக்குவாங்க? அவள் கேட்காவிட்டாலும் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிட வேண்டும். பத்து நிமிடம் அழுதுவிட்டு விளையாடப் போகலாம், அதே கேள்வியை இருபது முறை கேட்கலாம். பிள்ளைகளின் துக்கம் அப்படித்தான் விட்டு விட்டு வரும்.

பள்ளியில் செய்ய வேண்டியதை அம்மா, நீங்கள், தலைமையாசிரியர் மூவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரே தாளில் எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் மூன்றாம் நாளே ஆளுக்கொரு மாதிரி நடக்கும்.

காலையில் கேட்டில் ஒரு அணைப்பு, ஒரு 'போயிட்டு வா', இரண்டு நிமிடத்துக்குள் அம்மா கிளம்பிவிட வேண்டும். திரும்பித் திரும்பிப் பார்ப்பதும் மறுபடி ஓடிவந்து முத்தம் கொடுப்பதும் அவள் பதற்றத்தைக் கூட்டும். ஆனால் அவள் பார்க்காத நேரத்தில் நைசாக நழுவுவது அதைவிட மோசம். பாட்டி விஷயத்தில் நடந்தது மறுபடி நடந்ததாகத்தான் அவளுக்குத் தோன்றும். கேட்டில் அவளை வாங்கிக்கொள்ள தினமும் ஒரே ஆள் இருக்கட்டும். வகுப்புக்குள் வந்ததும் முதல் பத்து நிமிடத்துக்குக் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: நோட்டு அடுக்குவது, தேதி எழுதுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. மாலையில், முதல் இரண்டு வாரமாவது, மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே அம்மா கேட்டில் நிற்க வேண்டும். ஒரு நாள் இருபது நிமிடம் தாமதமானால் ஒரு வார உழைப்பு போய்விடும்.

வலி வந்தால் என்ன செய்வது என்பதற்கு நாளுக்கு மூன்று கார்டுகள். உள்ளங்கை அளவு அட்டையை அவளே வெட்டி வண்ணம் தீட்டட்டும். வலி வரும்போது அழாமல், விளக்கம் சொல்லாமல், ஒரு கார்டை உங்கள் மேசையில் வைத்துவிட்டு, முன்பே சொல்லிவைத்த இருக்கைக்குப் போகலாம். அது வகுப்புக்குள்ளேயோ பக்கத்திலோ இருக்கட்டும். படுக்கையும் இருட்டும் உள்ள ஓய்வறை வேண்டாம், அங்கே போனால் திரும்பி வர மனம் வராது. அங்கே ஐந்து நிமிட மணல் கடிகாரம், கொஞ்சம் தண்ணீர், பத்து மூச்சு: நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும். இதை வலி இல்லாத நேரத்தில், வகுப்பு முழுவதற்கும் ஒரு வாரம் பழக்கிவிடுங்கள். பதற்றத்தின் உச்சத்தில் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. மணல் இறங்கியதும் தானாக எழுந்து வந்து உட்கார வேண்டும். வந்து உட்கார்ந்ததைக் கவனித்தேன் என்று ஒரு தலையசைப்பு போதும். மூன்றாவது வாரம் இரண்டு கார்டு, ஐந்தாவது வாரம் ஒன்று. மிச்சம் இருக்கும் கார்டுக்குப் பரிசு தராதீர்கள், வலியை மறைக்கக் கற்றுக்கொள்வாள்.

வீட்டுக்கு அனுப்புவது மூன்று காரணங்களுக்கு மட்டும்: வெப்பமானியில் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல், வாந்தி, வயிற்றுப்போக்கு. தாளில் இதை எழுதி அம்மா கையெழுத்துப் போடட்டும். டாக்டர் எச்சரிக்கச் சொன்ன அறிகுறி வேறு ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பேசும் வார்த்தையில் இரண்டு பக்கமும் சறுக்கலாம். "ஒன்னும் இல்ல, போய் உக்காரு" என்றால் தன்னை யாரும் நம்பவில்லை என்று அடுத்த முறை சத்தமாக அழுவாள். "ரொம்ப வலிக்குதா? எங்க? அம்மாவைக் கூப்பிடட்டுமா?" என்றால் நீங்களும் பயந்துவிட்டதாக எடுத்துக்கொள்வாள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "வலிக்குதுன்னு தெரியுது. கஷ்டமாத்தான் இருக்கும். கார்டை வெச்சிட்டுப் போய் மூச்சு விட்டுட்டு வா, இந்தக் கணக்கை நாம சேர்ந்து ஆரம்பிக்கலாம்." வலியை ஒப்புக்கொண்டாகிவிட்டது, பள்ளியில்தான் இருக்கப் போகிறோம் என்பதும் சொல்லியாகிவிட்டது.

முதல் வாரம் அழுகை குறையாது, கூடும். இதுவரை பலித்தது பலிக்கவில்லை என்றால் எந்தப் பிள்ளையும் இன்னும் பலமாக முயன்று பார்க்கும். பல பள்ளிகளில் இந்த முயற்சி தோற்பது இங்கேதான். நான்காம் நாள் யாரோ ஒருவர் மனம் இளகிப் போன் செய்துவிடுவார். அரை மணி நேரம் விடாமல் அழுதால் அம்மா வருவார் என்று அன்று அவள் கற்றுக்கொள்வாள். அதனால் நீங்கள் லீவு எடுக்கும் நாளில் வகுப்புக்கு வருபவருக்கும் தெரியும்படி, அந்தத் தாளின் நகல் ஒன்றை வருகைப் பதிவேட்டில் செருகிவையுங்கள். நீண்ட விடுமுறைக்குப் பிறகு வலி திரும்ப வரும். திட்டாமல் மறுபடி மூன்று கார்டிலிருந்து தொடங்குங்கள்.

கைநீட்டும் பையனைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதை வைத்து நான் எதுவும் முடிவு செய்ய மாட்டேன். இரண்டு வாரம் ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதுங்கள்: அடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் பிறகு என்ன நடந்தது. மூன்றாவது பத்தியில்தான் பெரும்பாலும் விடை இருக்கும். சத்தமாக வாசிக்கும் முறை தன்னிடம் வரும்போதெல்லாம் பக்கத்துப் பையனை அடித்து, அதற்குத் தண்டனையாக வெளியே அனுப்பப்படுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு அது தண்டனையே இல்லை, வாசிப்பிலிருந்து கிடைத்த விடுதலை. அப்போது பார்க்க வேண்டியது அவன் வாசிப்பை. வரிசையில் நிற்கும்போது மட்டும் என்றால், நெரிசலில் படும் தொடுகை. மதிய உணவுக்கு முன் என்றால், பசி. காது கேட்பதையும் கண் பார்வையையும் சோதிக்கச் சொல்லுங்கள். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. அது கிடைக்காத பிள்ளை பல நேரம் சோர்ந்து கிடக்காது, துள்ளும், எரிந்துவிழும். விளையாட்டு நேரத்தைப் பிடுங்குவதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். மிக அதிகமாக ஓடியாட வேண்டிய பிள்ளைக்கே அது கிடைக்காமல் போகிறது. பத்துப் பள்ளி நாட்கள் தொடர்ந்து, தினம் இரண்டு நிமிடம், படிப்பும் நடத்தையும் கலக்காமல் அவனுக்குப் பிடித்ததைப் பற்றி மட்டும் பேசுங்கள். அன்று அவன் அடித்திருந்தாலும் அந்த இரண்டு நிமிடத்தை வெட்டாதீர்கள்.

மனநல வாரம். ஓவியப் போட்டி, பேச்சு, சுவரொட்டி என்று ஐந்து நாள் ஓடிவிட்டு ஆறாம் நாள் எல்லாம் பழையபடி ஆகும் என்றால், அந்த உழைப்பை நான் அதில் போட மாட்டேன். நடத்தியே ஆக வேண்டும் என்றால், வருடம் முழுவதும் நிற்கப்போகும் இரண்டு மூன்று பழக்கங்களுக்குத் தொடக்க வாரமாக அதை மாற்றிக்கொள்ளுங்கள். வகுப்பு வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி உள்ளே அழைப்பது ஒன்று. அன்றைய வேலைகளை வரிசையாகப் பலகையில் எழுதி, முடிந்ததை அடித்துக்கொண்டே வருவது இன்னொன்று. அடுத்து என்ன என்று தெரிந்தாலே பதற்றமுள்ள பிள்ளைக்குப் பாதி பாரம் இறங்கும்.

பிள்ளைகளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் "ஒரு மாதிரி இருக்கு" என்பார்கள். அந்த 'ஒரு மாதிரி'யைப் பிரித்துக் காட்டுவது தமிழ் வகுப்பிலேயே செய்யக்கூடிய மனநல வேலை. வாரம் ஒரு சொல் எடுங்கள்: எரிச்சல், ஏக்கம், கூச்சம், பொறாமை, பதற்றம், ஏமாற்றம். கோபத்துக்கும் எரிச்சலுக்கும் என்ன வித்தியாசம், ஏக்கம் உடம்பில் எங்கே தெரிகிறது என்று கேளுங்கள். மார்பில் கனம், தொண்டையில் அடைப்பு என்று அவர்களே சொல்வார்கள். சொல் கிடைத்த பிள்ளைக்குக் கையை ஓங்க வேண்டிய அவசியம் கொஞ்சம் குறைகிறது.

வகுப்பு முழுவதற்குமான 'நல்ல நடத்தை விளையாட்டு' என்று ஒன்று உண்டு. 1969-இல் அமெரிக்காவில் ஒரு நான்காம் வகுப்பில் செய்த ஆய்வில் வெளிவந்தது அது. பின்னர் பால்டிமோர் நகரில் முதல் வகுப்பில் இதை விளையாடிய பிள்ளைகளை இளைஞர்கள் ஆகும்வரை தொடர்ந்து பார்த்தபோது, சிறுவயதில் முரட்டுத்தனம் மிகுந்திருந்த பையன்களிடம் பின்னாளில் போதைப் பழக்கம் குறைவாக இருந்தது. செய்முறை எளிது. வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, நான்கு விதிகளைப் பலகையில் எழுதி, வாரம் மூன்று முறை பத்துப் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். விதி மீறினால் குழுவுக்கு ஒரு புள்ளி, அதிகபட்சம் நான்கு. அதற்குள் நின்ற எல்லாக் குழுவும் வென்றதுதான், ஒரே ஒரு வெற்றியாளர் கிடையாது. பரிசு பொருளாக வேண்டாம், ஐந்து நிமிட ஆட்டம் போதும். கைநீட்டும் பையனால் தன் குழு எப்போதும் தோற்கிறது என்ற பெயர் வந்துவிட்டால் விளையாட்டே அவனுக்கு எதிராகத் திரும்பும். அதனால் முதல் வாரம் அவனால் நிச்சயம் கடைப்பிடிக்க முடிந்த விதிகளை மட்டும் போடுங்கள்.

கவலைப் பெட்டி வைக்கிறார்கள் பலர். தினமும் திறந்து படிக்க ஆள் இல்லை என்றால் வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை போட்ட சீட்டை அடுத்த வியாழன் திறந்தால், யாரும் கேட்கமாட்டார்கள் என்றுதான் பிள்ளைக்குப் புரியும். பூட்டு வேண்டும், ஒருவரிடம் மட்டும் சாவி வேண்டும், எழுத வராதவர் படம் வரையலாம்.

பெட்டி வைத்தால் கனமான விஷயமும் வரும், அதற்குத் தயாராக இருங்கள். "யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சத்தியம் பண்ணுங்க" என்று ஒரு பிள்ளை கேட்டால் சத்தியம் செய்யாதீர்கள். "உன்னைப் பத்திரமா பாத்துக்க உதவுறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று சொல்லுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்பதைத் தாண்டித் துருவ வேண்டாம், பெயரை நீங்களாக எடுத்துக்கொடுக்க வேண்டாம். பிள்ளை சொன்னதை அதே சொற்களில், நேரத்தோடு உடனே எழுதிவைத்து, குழந்தைப் பாதுகாப்புக்கு உரிய அமைப்புக்கு அன்றே தெரிவியுங்கள். சந்தேகத்துக்கு உரியவரை நீங்களே கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது.

சாவைப் பற்றிப் பேசினாலும் அப்படித்தான். உங்கள் சிறுமி "பாட்டிகிட்ட போகணும்" என்று சொல்லக்கூடும். பெரும்பாலும் அது ஏக்கம். ஆனாலும் நேராகவே கேளுங்கள்: "போகணும்னா எப்படி? செத்துப் போகணும்னு நினைக்கிறியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றாலோ, எப்படி என்று விவரம் சொன்னாலோ, தனியே விடாமல் அன்றே பெற்றோருடன் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

நான்கு வாரம் இந்தத் திட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடங்கள். தேதி, வலி வந்த நேரம், பத்துக்கு எத்தனை வலி, எத்தனை கார்டு, எப்போது திரும்பி வந்தாள் என்று நாளுக்கு ஒரு வரி எழுதினால் போதும். அதன் பிறகும் எண்கள் கொஞ்சமும் இறங்கவில்லை என்றால், அல்லது நடுவிலேயே தூக்கமும் சாப்பாடும் விளையாட்டும் கெடத் தொடங்கிவிட்டால் நான்கு வாரம்கூடக் காத்திருக்காமல், அந்தத் தாளோடு குழந்தை மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் முதலில் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அதில் பதில் இருக்கும்.

நாளை மாலை அம்மாவுக்கு ஒரு போன் செய்யுங்கள். இரண்டு மாதமாகப் பள்ளி நம்பரைப் பார்த்தாலே அவருக்கும் வயிற்றைக் கலக்கும். அதனால் பள்ளி விட்டு, மகள் வீடு சேர்ந்த பிறகு கூப்பிட்டு, "அவ நல்லா இருக்கா, கூட்டிப்போக வர வேண்டாம், உங்ககிட்ட பேசத்தான் கூப்பிட்டேன்" என்று ஆரம்பியுங்கள்.